நிலக்கரிக் குவியலின் மேல் மதியச் சாப்பாடு: டீன் காட்டுக் குறிப்புகள்

வியாழன் இரவு, கோல்ஃபோர்ட்

இங்கிலாந்தில் காடு பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் எல்லோரும் முதலில் "ஷெர்வுட்டா?" என்றுதான் கேட்கிறார்கள், ராபின் ஹூட் செய்துவைத்த விளம்பரம் அப்படி. நாங்கள் வந்திருப்பது டீன் காடு, ஃபாரஸ்ட் ஆஃப் டீன். க்ளாஸ்டர்ஷையரின் மேற்கு ஓரத்தில், ஒரு பக்கம் செவர்ன் ஆறு, மறுபக்கம் வை ஆறு, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் மேட்டுநிலம். வை ஆற்றைத் தாண்டினால் வேல்ஸ். நார்மன் அரசர்களுக்கு இது வேட்டைக்காடு. அதற்கு முன்பிருந்தே இரும்பு எடுத்திருக்கிறார்கள், அப்புறம் நிலக்கரி, நடுவில் கடற்படைக் கப்பலுக்கு ஓக் மரம். 1938-இல் இங்கிலாந்தின் முதல் தேசிய வனப் பூங்காவாக அறிவித்ததும் இதைத்தான்.

அக்கா, மாமா, அவர்கள் மகள், நான். மாமாவுக்கு வலது முழங்கால் சரியில்லை, அதனால் எங்கே படி, எங்கே சரிவு, எங்கே உட்கார பெஞ்சு என்பதெல்லாம் இந்தக் குறிப்புகளில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஒன்பது வயதுக்காரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காட்டுப்பன்றி.

அது இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி ஊருக்குள் நுழையும்போதே கிடைத்துவிட்டது. சாலையோரப் புல்வெளி ஏர் உழுத மாதிரி புரண்டு கிடந்தது, கிழங்கும் புழுவும் தேடி மூக்கால் கிளறியது. இங்கிலாந்தில் காட்டுப்பன்றி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன விலங்கு. இப்போது இங்கே திரிபவை 1990-களில் பண்ணையிலிருந்து தப்பியவற்றின் வம்சமும், 2004-இல் ஸ்டான்டன் கிராமத்துப் பக்கம் யாரோ சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விட்ட ஒரு கூட்டத்தின் வம்சமும். வசந்தத்தில் குட்டிகளோடு இருக்கும் தாய்ப்பன்றியிடம் போகாதே, நாயைக் கயிற்றில் பிடி, தீனி போடாதே, அவ்வளவுதான் விதி.

காரில் வருகிறவர்களுக்கு ஒன்று. இங்கே சாலையில் செம்மறி ஆடு படுத்திருக்கும். வேலி கிடையாது, ஹாரன் அடித்தாலும் நிதானமாகத்தான் எழுந்திருக்கும். காட்டில் ஆடு மேய்ப்பது உள்ளூர்க்காரர்களின் பழைய வழக்கம், 2001 கோமாரி நோயின்போது மந்தைகளை ஏறக்குறைய ஒட்டுமொத்தமாகக் கொன்றார்கள், பிறகு மறுபடி வந்திருக்கின்றன. இரவில் வேகம் வேண்டாம். ரயிலில் வந்தால் லிட்னி நிலையத்தில் இறங்கலாம், ஆனால் பேருந்தை நம்பி ஒரே நாளில் இரண்டு இடம் பார்ப்பது சிரமம்.

வெள்ளி, சைமண்ட்ஸ் யாட்

எல்லோரும் போகிற இடம் இது, அதனால் போகாமல் விடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. விட்டிருக்கக் கூடாது, விடவில்லை.

பாறை முனையில் இருந்து பார்த்தால் வை ஆறு ஒரு பெரிய வளையம் போடுவது தெரிகிறது. நம் இடது கைப்பக்கமும் ஆறு, வலது கைப்பக்கமும் அதே ஆறு, நடுவில் ஒரு குறுகலான மலைக்கழுத்தின் மேல் நாம். இந்தக் கழுத்தை அடைத்தால் மூன்று பக்கமும் தண்ணீர் காவல் என்று இரும்புக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, கோட்டை கட்டியிருக்கிறார்கள். மண்ணால் எழுப்பிய அந்த அரண் வரிசைகள் இன்னும் இருக்கின்றன, கார் நிறுத்துமிடத்திலிருந்து முனைக்கு நடக்கும்போது அவற்றின் ஊடேதான் போகிறோம், பெரும்பாலானவர்கள் அதைச் சும்மா மேடு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

முனையில் தொலைநோக்கிகளோடு சிலர். எதிரே சுண்ணாம்புப் பாறைச் செங்குத்தில் பெரெக்ரின் வல்லூறுகள் கூடு வைத்திருக்கின்றன. டி.டி.டி. மாதிரிப் பூச்சிக்கொல்லிகளால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்து, பிரிட்டன் முழுக்கவே இந்தப் பறவை அழியும் நிலைக்குப் போனது. இங்கே 1980-களில் திரும்பி வந்தன. ஒரு பெரியவர் தன் தொலைநோக்கியைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கிக்கொடுத்தார். அவள் பார்த்தது பாறையில் ஒரு சாம்பல் புள்ளி, ஆனால் புள்ளி தலையைத் திருப்பியதாம், அதையே மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடை எப்படி என்றால், பாறையிலிருந்து கீழே ஆற்றங்கரைக்கு இறங்கிவிட வேண்டும். இறக்கம் செங்குத்து, படிகள், மழை பெய்திருந்தால் வழுக்கும். மாமா இதற்கு வரவில்லை, மேலே காபி குடித்துவிட்டு மெதுவாகக் காரைக் கீழே கொண்டுவருவதாக ஏற்பாடு. கீழே போகும் சாலை ஒரு கார் அகலம்தான், கார் நிறுத்த இடமும் குறைவு, பதினொரு மணிக்குள் போனால் கிடைக்கும்.

கீழே கிழக்குக் கரையில் நீரோட்டத்தின் திசையில் நடந்தால் பாதை சமதளம், கல் இல்லை, தள்ளுவண்டிகூடப் போகலாம். காரணம், இது பழைய ரயில் தடம். ராஸ் ஊரிலிருந்து மன்மத் வரை ஓடிய தடம், 1959-இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். ஆற்றில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பாய்ந்து ஓடும் இடத்தில் கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு பழகுகிறவர்கள் கவிழ்வதும் எழுவதுமாக இருந்தார்கள், கரையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. காட்டுப்பூண்டு பூத்திருக்கிறது, வெள்ளைப் பூ, வாசனை மூக்கைத் துளைக்கிறது. அக்கா இரண்டு இலை கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு "ரசத்துக்கு ஆகும்டி" என்றாள். ஒரு எச்சரிக்கை, பூண்டு மாதிரியே இலை உள்ள விஷச் செடிகளும் இந்தப் பருவத்தில் முளைக்கும், கசக்கி மோந்து பூண்டு வாசனை வந்தால் மட்டும் தொடுங்கள், தெரியாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேலே நடந்தால் பிப்ளின்ஸ் தொங்குபாலம். 1957-இல் வனத்துறை போட்ட கம்பிப் பாலம், ஒருவர் நடந்தாலே இன்னொருவர் காலுக்கடியில் ஆடுகிறது. குழந்தை மூன்று தடவை போய்வந்தாள், அக்கா ஒரே தடவை, அதுவும் கம்பியை விடாமல். மறுகரையில் புல்வெளி இருக்கிறது, இன்றைய சாப்பாடு அங்கேதான்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அப்புறம் கடையில் வாங்கிய கேக். தரையில் நேரடியாகக் காய்ந்த இலை மேலே உட்காராமல் விரிப்பு போடுங்கள், உண்ணி உண்டு, ராத்திரி முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் பார்த்துவிடுவது நல்லது.

திரும்பும்போது மேற்குக் கரை வழியாக வந்து, படகில் ஆற்றைக் கடந்தோம். படகுக்கு எஞ்சின் இல்லை, துடுப்பும் இல்லை. ஆற்றுக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு, படகுக்காரர் நின்றுகொண்டு அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து இழுக்கிறார். கையில் சில்லறை வைத்திருங்கள். ஆற்றில் வெள்ளம் ஏறினால் படகு கிடையாது, அப்போது போன வழியே திரும்ப வேண்டியதுதான். மொத்தச் சுற்றும் ஏறக்குறைய மூன்று மைல். நிதானமாகப் போனால் அரை நாள் நிறைவாக இருக்கிறது.

சனி, பழைய சுரங்கப் பள்ளங்கள்

காலையில் பஸல்வுட். கோல்ஃபோர்டுக்குப் பக்கத்தில், தனியார் இடம், முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், நாய்க்கு அனுமதி இல்லை. டாக்டர் ஹூ, மெர்லின், ஸ்டார் வார்ஸ் எல்லாம் இங்கே எடுத்திருக்கிறார்கள், வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காட்சி நடந்த பாறை எது என்று தேடுகிறார்கள். பாசி பிடித்த பாறைப் பிளவுகள், பாறையைக் கட்டிப்பிடித்து இறங்கும் யூ மர வேர்கள், மரப்பாலங்கள், திரும்பின இடத்துக்கே திரும்பிவரும் பாதைகள். பாதை மொத்தமே ஒரு மைல் அளவுதான், ஆனால் படியும் மேடும் பள்ளமும். மாமா பாதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் பிடித்தது அது எப்படி உண்டானது என்பதுதான். இந்தப் பள்ளங்களை உள்ளூரில் ஸ்கௌல் என்கிறார்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் தண்ணீர் குடைந்த குகைகள், அவற்றின் இடுக்கில் இரும்புத் தாது படிந்திருந்தது. காலப்போக்கில் மேலிருந்த நிலம் அரித்துப்போக குகைகள் வெளியே தெரிந்தன, அப்புறம் இரும்புக் காலத்திலிருந்து மனிதர்கள் வந்து தாதுவைச் சுரண்டி எடுத்தார்கள், மிச்சம் கிடக்கும் வெறும் ஓட்டின் மேல் பாசியும் மரமும் ஏறிவிட்டன. 1848-இல் இங்கே ஒரு கல்லை நகர்த்தியபோது உள்ளே ஒரு பொந்தில் 3,000-க்கும் மேற்பட்ட ரோமானிய நாணயங்கள் கிடைத்தன. யாரோ ஒளித்துவைத்துவிட்டு எடுக்க வராமலே போயிருக்கிறார்கள். மந்திரக் காடு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், இது ஒரு கைவிட்ட சுரங்கம் என்று தெரிந்து பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. குழந்தைக்கு இந்தக் கட்சியில் உடன்பாடு இல்லை.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு: காட்டில் இந்த மாதிரிப் பள்ளங்கள் கோல்ஃபோர்டைச் சுற்றி வேறு இடங்களிலும் இருக்கின்றன, டிக்கெட் இல்லை, பாதையும் கைப்பிடியும் இல்லை, குழந்தைகளோடு போக வேண்டாம்.

க்ளியர்வெல் குகைக்குப் போகவில்லை, மாமாவுக்கு இரண்டாவது தடவையும் படி என்றால் சரிப்படாது. 1945 வரை இரும்புத் தாது எடுத்த சுரங்கம் அது, காவிக்கல் வண்ணமும் அங்கே எடுத்திருக்கிறார்கள்.

மதியம் நியூலண்ட் கிராமம். சின்ன ஊர், ஊருக்குச் சம்பந்தமில்லாத அளவில் பெரிய தேவாலயம், காட்டின் கதீட்ரல் என்று அதற்குப் பட்டப்பெயர். உள்ளே பித்தளைத் தகட்டில் ஒரு சிறிய உருவம் இருக்கிறது, அதற்காகவே வரலாம். இடைக்காலத்துச் சுரங்கத் தொழிலாளி. கையில் கொத்துக்கருவி, முதுகில் தாது சுமக்கும் கூடை, வாயில் கடித்தபடி மெழுகுவர்த்தி பொருத்திய குச்சி. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், சுரங்கமோ இருட்டு, விளக்கை எங்கே வைப்பது? வாயில்தான். பிரபுக்களும் சீமாட்டிகளும் கல்லில் படுத்திருக்கிற தேவாலயத்தில் ஒரு கூலியாளின் உருவம் இப்படி இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேவாலயத் தோட்டத்துச் சுவரோரம் உட்கார்ந்து சாண்ட்விச். மழை வந்தது, முடித்துக்கொண்டோம்.

ஞாயிறு, ஸ்பீச் ஹவுஸும் கேனப் குளங்களும்

நாளை வங்கி விடுமுறை, நீண்ட வார இறுதி, ஊரே காட்டுக்குள் இருக்கிறது. ஒன்பதரைக்கே பீச்சன்ஹர்ஸ்ட் போய்ச் சேர்ந்தது நல்லதாயிற்று, பதினொன்றுக்கு மேல் கார்கள் வரிசையில் நின்றன. இங்கே கழிப்பறை, கஃபே, மேசைகள், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் உண்டு. இதுவும் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம்தான். பொதுவாக இந்தக் காட்டில் அகலமான சமதளமும் நல்ல கார் நிறுத்துமிடமும் எங்கே கண்டாலும் அங்கே முன்பு சுரங்கமோ ரயில் நிலையமோ உலையோ இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், இதுவரை பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது.

சிற்பப் பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1986-இல் ஆரம்பித்தது. முழுச் சுற்று நாலரை மைல் அளவு, குறுக்கு வழிகளில் சுருக்கிக்கொள்ளலாம். சிற்பம் என்றதும் பீடத்தில் நிற்கும் சிலைகளை எதிர்பார்க்க வேண்டாம். மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் அந்தரத்தில் தொங்குகிறது, கெவின் ஆதர்ட்டன் செய்தது, பேர் கதீட்ரல். சுவர் இல்லை, கூரை இல்லை, சன்னல் மட்டும். வெயில் வந்தால் வண்ணம் எரிகிறது, மேகம் மூடினால் அணைந்துவிடுகிறது, நாங்கள் இரண்டையும் பார்த்தோம். இன்னொரு இடத்தில் தரையில் வரிசையாக ரயில் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு செதுக்கல், கியர் ஸ்மித் செய்த இரும்புப் பாதை. டேவிட் நாஷ் கரியாக்கிய மரத்துண்டுகளை நட்டு ஒரு கறுப்பு மேடு செய்திருக்கிறார், இந்தக் காட்டில் கரி சுடுகிறவர்கள் மூட்டம் போட்ட இடங்களின் நினைவாக. அதன் மேல் குழந்தைகள் ஏறி ஏறியும் மழையில் இற்றும் அது தாழ்ந்துகொண்டே வருகிறது. இது எனக்குப் பிடித்தது. சிலவற்றைப் பார்த்து "இது எதுக்கு?" என்று மாமா கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை.

கொஞ்சம் மேலே ஸ்பீச் ஹவுஸ். இப்போது ஓட்டல், 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், காட்டின் ஏறக்குறைய நடுமையம். வெர்டரர்கள் என்று காட்டுக்கென்றே இருக்கும் அதிகாரிகளின் சபை இன்றும் இங்கேதான் கூடுகிறது. எதிரே உள்ள திறந்தவெளியில்தான், பொதுக் காடுகளை விற்றுவிடலாம் என்று அரசு யோசித்தபோது, 2011 ஜனவரிக் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். அடுத்த மாதமே அரசு பின்வாங்கியது. பக்கத்தில் மரத்தோட்டம், சிரில் ஹார்ட் பேரில் இருப்பது, பல நாட்டு மரங்கள், பாதை சமதளம், காலுக்குச் சிரமமில்லாமல் அரைமணி நேரம் சுற்ற நல்ல இடம். மாமாவுக்கு இன்றைக்கு இதுதான் முதல் பரிசு.

சாப்பாட்டுக்குக் கேனப் குளங்கள். இரண்டு குளம், சுற்றிலும் காடு, அதன் நிழல் தண்ணீரில். பார்த்தால் ஆதியிலிருந்தே இருப்பது போலத்தான் தோன்றும். 1820-களில் பார்க்எண்ட் இரும்பு உலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று வெட்டிய தேக்கங்கள் இவை, இங்கிருந்து ஒரு கால்வாய் வழியாக உலைக்குத் தண்ணீர் போயிருக்கிறது. உலை போய்விட்டது, குளத்தில் மாண்டரின் வாத்துகள் குடியேறிவிட்டன, ஆரஞ்சும் நீலமும் வெள்ளையுமாக, கிழக்காசியாவிலிருந்து வளர்ப்புக்குக் கொண்டுவந்து வெளியே பரவியவை. மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து அது. ரொட்டி போடாதீர்கள் என்று சொல்லச் சொல்ல ஒரு குடும்பம் முழு பாக்கெட்டையும் போட்டு முடித்தது.

திங்கள், ஓக் மரமும் நிலக்கரியும்

காலையில் பார்க்எண்ட் பக்கம் நாக்ஸ்ஹெட். பறவைக் காப்பகம், கூட்டமே இல்லை, நேற்றைய கூட்டத்துக்குப் பிறகு மருந்து. பழைய ஓக்குகள், இடைவெளி விட்டு நிற்பதால் உள்ளே வெளிச்சம் நிறைய, கீழே நீலமணிப் பூக்கள். பூவின் நடுவே போட்டோவுக்காக உட்காராதீர்கள், மிதித்த செடி தேற வருஷங்கள் ஆகும்.

இந்த ஓக்குகள் இங்கே இருப்பதற்கு ஒரு கதை. 1802-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இந்தக் காட்டுக்கு வந்தார். கடற்படைக்கு மரம் தர வேண்டிய காடு பராமரிப்பில்லாமல் கெட்டுக்கிடப்பதைப் பார்த்து, ஓக் நடுங்கள் என்று எழுதிவைத்தார். 1808-இல் சட்டம் வந்தது, 11,000 ஏக்கரை வேலி போட்டு அடைத்து நட ஆரம்பித்தார்கள், நாக்ஸ்ஹெட் மரங்கள் 1814 வாக்கில் நட்டவை. ஓக் கப்பலுக்கு ஆகும் அளவு முதிர நூறு வருஷத்துக்கு மேல் வேண்டும். இவை முதிர்ந்து நின்றபோது கடற்படை இரும்புக் கப்பலுக்கு மாறியிருந்தது. கப்பல் ஆகாத மரங்களில் இப்போது பைட் ஃப்ளைகேச்சர் என்ற கறுப்பு வெள்ளைக் குருவி கூடு கட்டுகிறது, ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரல் கடைசியில் வந்துசேரும். 1942-இல் ஓக் இலையைத் தின்னும் புழுக்களைக் கட்டுப்படுத்தப் பறவை வரட்டும் என்று இங்கே கூட்டுப்பெட்டிகள் மாட்டினார்கள், அன்றிலிருந்து பெட்டிகள் தொடர்கின்றன. ஆண் குருவி ஒன்று பெட்டி ஓட்டைக்கு வெளியே பாடிக்கொண்டிருந்ததை இருபது நிமிஷம் பார்த்தோம்.

அந்த வேலிகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நட்ட மரம் வளர்ந்ததும் வேலியை எடுத்துவிடுவார்கள், ஆடு மாடு மறுபடி மேயலாம் என்று மக்கள் நம்பியிருந்தார்கள். எடுக்கவில்லை. 1831 ஜூனில் வாரன் ஜேம்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி மண்கரையையும் வேலியையும் உடைத்து, தங்கள் ஆடு மாடு பன்றிகளை உள்ளே ஓட்டினார்கள். ராணுவம் வந்தது. அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றி டாஸ்மேனியாவுக்கு அனுப்பினார்கள். சில வருஷத்தில் மன்னிப்பு கிடைத்தது, ஆனால் ஊர் திரும்பவே இல்லை. அமைதியான ஓக் காட்டில் நடக்கும்போது இது தெரிந்திருந்தால் நல்லது, மரம் நட்டதெல்லாம் எல்லோருக்கும் நல்லதாக இருந்ததில்லை.

மதியம் நியூ ஃபேன்சி. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த சாப்பாட்டு இடம் எது என்றால் இதுதான், சைமண்ட்ஸ் யாட்டுக்கும் மேலே வைப்பேன். மேலே ஏறினால் நாலா பக்கமும் மரத்தலைகள், காட்டின் அளவு இங்கே நின்றால்தான் புரிகிறது. ஏறுவதும் சிரமமில்லை, மாமா நிறுத்தி நிறுத்தி ஏறிவிட்டார். நாம் ஏறி நிற்பது குன்று இல்லை, 1944-இல் மூடிய நியூ ஃபேன்சி நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குவியல். கையால் மண்ணைக் கிளறினால் கறுப்பு வருகிறது. விரிப்பு போட்டு, தயிர் சாதம், ஊறுகாய், சிப்ஸ். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் கோஸ்ஹாக் என்ற பெரிய வேட்டைப் பறவை மரங்களுக்கு மேலே வட்டமிடுவதைப் பார்க்கலாம் என்று பறவைக்காரர்கள் இங்கே காத்திருப்பார்கள், மே மாதத்தில் அது காட்டுக்குள் அடங்கிவிடும்.

கீழே பல நிறக் கற்களைத் தரையில் பதித்து இந்தக் காட்டின் நிலவியல் வரைபடம் செய்திருக்கிறார்கள், எந்தச் சுரங்கம் எங்கே இருந்தது என்று அதன் மேலேயே நடந்து பார்க்கலாம். பெரிய சுரங்கங்களில் கடைசியானது 1965-இல் மூடியது. ஆனால் தொழில் முழுக்கச் சாகவில்லை, ஃப்ரீமைனர் என்கிற பரம்பரை உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. செயின்ட் பிரியாவெல்ஸ் ஹண்ட்ரட் என்ற பழைய எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும், அங்கேயே வசிக்க வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், எல்லைக்குள் உள்ள சுரங்கத்திலோ கல்குவாரியிலோ ஒரு வருஷமும் ஒரு நாளும் வேலை செய்திருக்க வேண்டும். அப்படியானால் சின்னதாக ஒரு சுரங்கம் தோண்டிக்கொள்ள உரிமை கேட்கலாம். 1838-இல் இதைச் சட்டமாகவே எழுதினார்கள். ஸ்காட்லாந்துப் போர்களில் பெரிக் கோட்டைச் சுவருக்கு அடியில் குடைந்து கொடுத்ததற்கு அரசர் தந்த பரிசு என்று உள்ளூர்க் கதை. 2010-இல் முதல் முறையாக ஒரு பெண்ணைப் பதிவு செய்தார்கள். இப்போதைய சிக்கல் வேறு: பிரசவ ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே, க்ளாஸ்டரில் இருக்கிறது. குழந்தைகள் அங்கேதான் பிறக்கின்றன, அதாவது உரிமை இல்லாமல் பிறக்கின்றன. வீட்டில் பிரசவம் பார்த்தால்தான் உண்டு. "அப்போ ஆம்புலன்ஸ் லேட்டா வந்தா நல்லது" என்றார் மாமா. அக்கா முறைத்தாள்.

மாலை ரூவர்டீன் வழியாகச் சுற்றி வந்தோம். அந்த ஊர்க்காரர்களிடம் "கரடியைக் கொன்றது யார்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. 1889-இல் பிரெஞ்சுக்காரர்கள் நாலு பேர் இரண்டு கரடிகளை வைத்து வித்தை காட்டிக்கொண்டு இந்த வழியாக வந்தார்கள். கரடி குழந்தையைக் கொன்றுவிட்டது என்று பொய் வதந்தி பரவி, கும்பல் துரத்தி, கரடிகளைக் கொன்று ஆட்களையும் அடித்தது. துரத்தியவர்கள் சிண்டர்ஃபோர்டுக்காரர்கள், பழி விழுந்தது ரூவர்டீன் மேல். தப்பான ஆளைக் கேட்பதாலேயே அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது.

பன்றி? சாலையோரத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு பெரிய முதுகு புதருக்குள் போனது. குழந்தை பின் சீட்டில் தூங்கிவிட்டாள். எழுப்புவதற்குள் போய்விட்டது, அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

செவ்வாய், சாத்தானின் மேடை

பெட்டியைக் கட்டிக் காரில் போட்டுவிட்டு, போகிற வழியில் கடைசி நடை. டிடென்ஹாம் சேஸ் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு, ஆஃபாவின் கரை வழியாகச் சாத்தானின் மேடை வரை. போக ஒன்றரை மைல், வர ஒன்றரை. 8-ஆம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய நாட்டின் அரசர் ஆஃபா எழுப்பிய மண்கரை இது, வேல்ஸ் எல்லையை ஒட்டிப் போகிறது, இங்கே அதன் மேலேயே பாதை. யூ மர வேர்கள் காலில் இடறும், மற்றபடி ஏற்றம் குறைவு. மாமா முழுதும் நடந்தார்.

மேடை என்பது சரிவின் விளிம்பில் துருத்தி நிற்கும் ஒற்றைச் சுண்ணாம்புப் பாறை. நேர் கீழே, வை ஆற்றின் அக்கரையில், டின்டர்ன் மடம். 1131-இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவியது, 1536-இல் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது இதையும் மூடினார், கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. சாத்தான் இந்தப் பாறையில் நின்று கீழே இருக்கிற துறவிகளைப் பார்த்து, மடத்தை விட்டு வாருங்கள் என்று பிரசங்கம் செய்வானாம். குழந்தை பாறைக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஒரு பிரசங்கம் செய்து பார்த்தாள், "எல்லாரும் மேல வாங்க, எங்ககிட்ட கேக் இருக்கு". பெரியவர்கள் பாறை மேல் ஏறுவதைப் பார்த்தோம், ஏறாதீர்கள், தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது, கீழே நேர் சரிவு.

இங்கிருந்து மடத்துக்கே காட்டு வழியில் இறங்கலாம், ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம் நடைபாலமாக இருக்கிறது. இறக்கம் சேறும் கல்லும், திரும்பி ஏறவும் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். நாங்கள் காருக்குத் திரும்பி, செப்ஸ்டோ வழியாகச் சுற்றி மடத்து வாசலுக்கே ஓட்டிப்போனோம். அது வேல்ஸ், தனி டிக்கெட். உள்ளே சாரம் கட்டியிருந்ததால் ஒரு பக்கம் பார்க்க முடியவில்லை, வெளியே புல்வெளியில் மீதிச் சப்பாத்தியைத் தீர்த்துவிட்டுக் கிளம்பினோம். செவர்ன் பாலத்தில் சுங்கம் வாங்குவதை 2018-இலேயே நிறுத்திவிட்டார்கள், சில்லறை தேட வேண்டாம்.